திறக்கக் கூடாத குப்பி

கருங்கல் சந்தை தாண்டி
மூடிக் கிடக்கிற பெட்ரோல் பங்கில்
காலை ஏழரைக்கு இறங்கினோம்.
கொசுத்தைலம் பூசாதே,
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றிய கையோடு
ஜாடியைத் தொடாதே.
வண்டியிலேயே சொல்லி முடித்திருந்தேன்.
ஆன்றோ மட்டும் தலையில் எண்ணெய் வழிய வந்தான்.
தொப்பி மாட்டிவிட்டேன்.

முதல் துளை மதிலோரம்,
யாரும் எதுவும் கொட்டாத இடம்.
சுத்தத்திலிருந்துதான் அழுக்குக்குப் போக வேண்டும்,
ஒருபோதும் மறுதிசையில் அல்ல.
மேல் ஒரு மீட்டர் கையால் தோண்டினோம்,
அடியில் கரண்ட் வயர் இருக்குமோ என்ற பயத்தில்.
ஜல்லி, தார்த்துண்டு, ஒரு சோடா மூடி,
பிறகு செம்மண்.
நனைத்துப் பெருவிரலால் தள்ளினால்
நாடாவாக நீண்டு
ஐந்து சென்டிமீட்டரில் அறுந்தது.
களி. ஈரம். சிவப்பு.
எப்படிப்பட்ட சிவப்பு என்பதற்கு
நிற அட்டையில் பதினாறு கட்டம்.

மூக்கை வைத்து எதையும் எழுதக் கூடாது.
மண்ணைப் பையில் கட்டி
வெயிலில் பத்து நிமிடம் கிடத்தி
வாயுமானியின் குழாயைச் செருகினால்
அது சொல்லும்.
பூஜ்யம் என்றது.

துளைக்குத் துளை கழுவல்.
லிபின் ஆகரைத் தேய்க்கிறான்:
பிரஷ், சோப்பு, குழாய்நீர், வாலைநீர்.
அந்த அழுக்குத் தண்ணீரும் டிரம்முக்குப் போகிறது,
ஒரு சொட்டுகூடத் தரைக்குக் கிடையாது.
பிள்ளைக்கு எண்ணெய் தேய்ப்பது போலிருக்கு என்றான்,
அவனுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை.

நான்காவது துளை, டேங்க் புதைந்திருந்த இடம்.
இரண்டு மீட்டர் எண்பதில்
செம்மண் சாம்பல்பச்சை ஆனது.
மானி மூன்று என்றது, நாற்பது என்றது,
அறுநூற்றுப் பன்னிரண்டு என்றது.
புதுக் கையுறை. இருபது நொடி.
ஜாடி விளிம்புவரை மண்,
உள்ளே காற்றுக்கு இடமில்லை,
மூடியின் மரையில் ஒரு மணல்கூட ஒட்டக் கூடாது.
அதே மண்ணை இன்னொரு ஜாடியில்
வேறு பெயரிட்டு அனுப்புவோம்,
ஆய்வகம் ஒரே பதிலைச் சொல்கிறதா என்று பார்க்க.
ஐஸ் பெட்டி திறந்தது, மூடியது.

மதிலுக்கு அப்புறமிருந்து ரெஜினாள் அக்கா
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.
"இதுக்கா இவ்வளவு பாடு?
எனக்க கெணத்த வந்து ஒருக்க மோந்து பாரு.
பதினோரு வருசமாட்டு சொல்லுதேன்."
படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.
குறிப்பு என்ற வரியில்
சிறிய எழுத்தில் எழுதினேன்.

பிறகு அவர் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்.
"அது என்ன, வெள்ளமா?"
ஆமா.
"நல்ல வெள்ளமா?"
இருக்கிறதிலேயே நல்ல வெள்ளம்.
"ஒரு மடக்கு தா."
திறக்கக் கூடாது அக்கா.
சென்னையில் நிரப்பி மூடியது,
திறக்காமலே சென்னைக்குத் திரும்பும்.
வழியில் நாங்கள் எதையும் கலக்கவில்லை என்பதற்கு
அதுதான் சாட்சி.
அவர் சிரித்தார், சத்தமாக.
"ஒரு குப்பி நல்ல வெள்ளம் வந்தது,
அதையும் காட்டிட்டுக் கொண்டுபோறியளோ!"

மதியம் மரச்சீனியும் சாளைக்கறியும்.
மூன்றுமுறை கை கழுவியும்
எனக்கு மட்டும் பெட்ரோல் ருசித்தது.

துளைகளில் பென்டோனைட் கொட்டி நீர் விட்டோம்.
அது ஊதி வாயை அடைத்துக்கொள்ளும்.
தந்தவர், பெற்றவர், நேரம், கையொப்பம்.
பெட்டிக்கு நாடா ஒட்டும்போது
ரெஜினாள் அக்கா ஓடிவந்து கையில் திணித்தார்:
பழைய ஹார்லிக்ஸ் குப்பியில் கிணற்று வெள்ளம்.
பாதிதான் நிறைந்திருக்கிறது,
மூடியில் துரு,
ஐஸ் இல்லை, லேபிள் இல்லை.
எந்த ஆய்வகமும் தொடாது.
வேண்டாம் என்று சொல்ல
வாய் எடுத்தேன்.

வண்டியில் அதற்கு ஒரு லேபிள் எழுதினேன்.
எடுத்தவர்: ரெஜினாள்.
ஆழம்: தெரியாது.
நேரம் என்ற இடத்தில் பேனா நின்றது.
திங்கள்சந்தை வளைவில் குப்பி உருண்டது.
ஆன்றோ காலால் தடுத்து நிறுத்தி
அப்படியே வைத்துக்கொண்டான்,
நாகர்கோவில் வரை.